அட்டையின் பின்பக்கம்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருக்கும் நாட்களில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நின்றால் ஒரே பேச்சுதான் திரும்பத் திரும்பக் காதில் விழும். "தம்பி, தும்மல் நிக்கவே மாட்டேங்குது, அலர்ஜி மாத்திரை ரெண்டு குடுங்க. அப்படியே சளிக்கும் மூணு வேளைக்குப் போட்டுருங்க." கடைக்காரத் தம்பி இரண்டு அட்டைகளை எடுப்பார், கத்தரியால் வெட்டுவார், சின்னக் காகிதக் கவரில் போடுவார், கவர்மேல் 1-1-1 என்று எழுதுவார். "ரெண்டையும் சேத்துப் போடலாமா?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "தாராளமா போடலாம்க்கா" என்று பதில் தயாராக இருக்கும்.

அந்தப் பதில் பாதி சரி. அலர்ஜி மாத்திரையும் சளி மாத்திரையும் வயிற்றுக்குள் சந்தித்து ஏதோ விஷமாக மாறிவிடும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். அப்படிப்பட்ட மோதல் இந்த வகை மருந்துகளில் அரிது. ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இரண்டு முறை உள்ளே போவதுதான் தினசரி நடப்பது. கேள்வியை "சேர்க்கலாமா?" என்பதிலிருந்து "ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா?" என்று மாற்றிப் போட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் தன் கவரைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். அலர்ஜிக்கு என்று கொடுத்தது செட்ரிசின் 10 மி.கி. சளிக்கு என்று கொடுத்தது பாராசிட்டமால் 500, ஃபினைல்எஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமின் 2 மி.கி. என மூன்றும் கலந்தது. கடைசியில் சொன்ன குளோர்ஃபெனிரமினும் ஓர் அலர்ஜி மருந்துதான். செட்ரிசினுக்கு முந்தைய தலைமுறை. ஆக, அக்கா 'அலர்ஜிக்குத் தனியாக' வாங்கியது சளி மாத்திரைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. "அதான் பகல்லயே கண்ணு சொக்குதா?" என்றார். அதேதான்.

இதைப் புரிந்துகொள்ள ஹிஸ்டமினைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தூசியோ மகரந்தமோ பட்டதும் மூக்குச் சவ்வில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு எல்லாம் அதன் வேலை. அது போய் ஒட்டும் இடத்தை முன்கூட்டியே அடைத்து வைப்பவை ஆன்டிஹிஸ்டமின்கள். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் 1930களில் இவற்றின் முதல் வடிவங்களைக் கண்ட டேனியல் போவேவுக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள்ளும் தாராளமாக நுழைந்துவிடும். நம்மை விழிப்பாக வைத்திருக்கும் வேலையை மூளையில் செய்வதும் ஹிஸ்டமின்தான் என்பதால் அங்கே அதை அடைத்தால் தூக்கம் வரும். செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் ஆகிய புதிய தலைமுறை மருந்துகள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. 'பெரும்பாலும்' என்பதைக் கவனிக்க. செட்ரிசின் 10 மி.கி. எடுத்தவர்களில் 14 சதவீதம் பேருக்கும், வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும் தூக்கக் கலக்கம் வந்தது என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. ஃபெக்ஸோஃபெனடினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதற்குப் பதில் வேறொரு சிக்கல் உண்டு: ஆரஞ்சு, ஆப்பிள், பம்ப்ளிமாஸ் ஜாதிச் சாறுகளோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக இழுக்காது. தண்ணீரோடுதான் போட வேண்டும்.

பழைய தலைமுறைக்கு இன்னொரு குணமும் உண்டு: உடம்பின் ஈரத்தையே வற்ற வைப்பது. வாய் உலரும், மலம் இறுகும், சிறுநீர் தயங்கும், மூக்கும் வற்றும். சளி மாத்திரைக்குள் குளோர்ஃபெனிரமினைப் போட்டு வைத்திருப்பதற்குக் காரணமே இந்த வற்ற வைக்கும் குணம்தான். வைரஸால் வரும் சளியில் ஹிஸ்டமினின் பங்கு சிறியது என்பதால் செட்ரிசின் போன்ற புதியவை அங்கே பெரிதாக எடுபடுவதில்லை. சாதாரண சளிக்கு ஆன்டிஹிஸ்டமின் மட்டும் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2015இல் வந்தது. பெரியவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் சிறிது நிம்மதி, அதற்குப் பிறகு மருந்து எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் வித்தியாசமில்லை என்பது அதன் முடிவு.

எனவே முதலில் தீர்க்க வேண்டியது, வந்திருப்பது எது என்பதை. கண்ணும் அண்ணமும் அரித்து, அடுக்கடுக்காகத் தும்மல் வந்து, காய்ச்சல் இல்லாமல், வீடு ஒட்டடை அடித்த அன்றோ பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்த அன்றோ தொடங்கினால் அது அலர்ஜி. தொண்டை கரகரத்து, உடம்பு வலித்து, நாளுக்கு நாள் மாறி, ஏழு முதல் பத்து நாளில் தானே விலகினால் அது சளி. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே வாரத்தில் வரலாம். அலர்ஜிக்குத் தினமும் மாத்திரை எடுப்பவருக்குச் சளி பிடிப்பதும் சகஜம். சேர்க்கும் கேள்வி நியாயமாக எழுவது இவருக்குத்தான்.

இவர் செய்யக்கூடியது எளிது. தினசரி அலர்ஜி மாத்திரை அப்படியே தொடரட்டும். சளிக்கு 'எல்லாம் கலந்த' மாத்திரை வேண்டாம். எது தொல்லையோ அதற்கு மட்டும் ஒற்றை மருந்து. காய்ச்சலா, வெறும் பாராசிட்டமால். மூக்கடைப்பா, உப்புநீர்ச் சொட்டு. செட்ரிசினும் பாராசிட்டமாலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஃப்ளூடிகசோன், மோமெடசோன் ஸ்பிரேக்களும் இவற்றோடு சேரும். கலவை மாத்திரைதான் வேண்டுமென்றால் அது தீரும்வரை தினசரி அலர்ஜி மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக வேண்டாம்.

பாராசிட்டமாலைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. அக்காவின் கணக்குக்கே திரும்புவோம். சளி மாத்திரை மூன்று வேளை: 500 வீதம் 1500 மி.கி. கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இருக்கும் டோலோ 650, காய்ச்சலுக்கு மூன்று: 1950. உடம்பு வலிக்கு என்று போன மாதம் மிஞ்சிய மாத்திரை, அசெக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் 325 கலந்தது, காலை ஒன்று இரவு ஒன்று: 650. கூட்டினால் 4100 மி.கி. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4000. எடை குறைந்தவர், சாப்பாடு இறங்காதவர், குடிப்பவர், ஈரல் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு அதைவிடக் குறைவு. அக்கா எந்த மாத்திரையையும் அளவுக்கு மீறிப் போடவில்லை. மூன்றையும் சொன்னபடிதான் போட்டார்.

வரம்பு தாண்டினால் என்ன ஆகிறது? பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி ஈரலில் நச்சுப்பொருளாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்ற காவல்காரன் அதைப் பிடித்து அப்புறப்படுத்துகிறான். அளவு கூடினால் காவல்காரன் தீர்ந்துபோகிறான், நச்சு ஈரல் செல்களைக் கொல்கிறது. முதல் நாள் வெறும் குமட்டல் மட்டும் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. ஈரல் கெட்டது வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு, ஆனால் அது சீக்கிரம் போக வேண்டும். அளவு மிஞ்சிவிட்டது என்று தெரிந்தால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது இதனால்தான். சளிக்கு 'ஒரு பெக் பிராந்தி, கொஞ்சம் மிளகுத்தூள்' என்ற வைத்தியத்தில் நம்பிக்கையுள்ள பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: பிராந்தியும் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்தால் தூக்கம் இரட்டிப்பாகும், தொடர்ந்து குடிக்கும் ஈரலில் குளூட்டாதயோன் இருப்பே குறைவு.

சளி மாத்திரைக்குள் இருக்கும் மூன்றாவது சரக்கு மூக்கடைப்பு மருந்து. இதன் வரலாறு ஒரு சரிவின் கதை. ஃபினைல்புரொபனோலமின் என்ற மருந்து ஒரு காலத்தில் சளி மாத்திரைகளின் ராஜா. மூளையில் ரத்தக்கசிவோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதும், 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அடுத்தது சூடோஎஃபெட்ரின். மூக்கை நன்றாகவே திறக்கும், ஆனால் அதிலிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளைக் காய்ச்சலாம். அதனால் 2006இலிருந்து அமெரிக்காவில் அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு, மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற அளவில்தான் வாங்க முடியும். அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் ஊர்ப் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அலர்ஜி மாத்திரைப் பெட்டியில் பெயருக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் உள்ளே சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதன்மேல் இன்னொரு சளி மாத்திரையும் போட்டால் அதே வகை மருந்து இரண்டாகிவிடும்.

சூடோஎஃபெட்ரினைப் பூட்டி வைத்ததும் அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுதான் ஃபினைல்எஃப்ரின். நம் ஊர்ச் சளி மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இன்று இருப்பது இதுவே. மூக்கில் சொட்டாக விட்டால் வேலை செய்கிறது. வாய்வழி விழுங்கினால் குடல் சுவரும் ஈரலும் அதைச் சிதைத்துவிடுகின்றன. செயல்படும் நிலையில் ரத்தத்துக்கு வருவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 16-0 என்று ஒருமனதாக, வழக்கமான அளவில் விழுங்கும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று சொன்னது. 2024 நவம்பரில், சீட்டில்லாமல் விற்கக்கூடிய மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. பயன் இல்லாத ஒன்றுக்காக ரத்தக் கொதிப்புக்காரர் எச்சரிக்கையோடு இருக்க வேண்டியிருப்பது, என் பார்வையில், இந்த வியாபாரத்தின் ஆகப் பெரிய கேலி.

மூக்கில் விடும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் உடனே திறந்துவிடும். ஆனால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்து நின்றதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும், அதைத் திறக்க மறுபடி மருந்து. மாதக்கணக்கில் சட்டைப்பையில் இந்தக் குப்பியோடு திரிபவர்களை எனக்குத் தெரியும். தங்களுக்குத் தீராத அலர்ஜி என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையிலேயே மோதிய மருந்து எதுவும் இல்லையா என்றால், இருந்தது. டெர்ஃபெனடின். தூக்கம் தராத முதல் அலர்ஜி மாத்திரை என்று கொண்டாடப்பட்டு 1985இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஈரல்தான் அதை வேறொன்றாக மாற்றிப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. எரித்ரோமைசினோ கீட்டோகொனசோலோ கூடச் சேர்ந்தால் ஈரலின் அந்த வேலை தடைப்படும். மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பை உயிருக்கு ஆபத்தான விதத்தில் குலைத்தது. 1998இல் திரும்பப் பெற்றார்கள். ஈரல் மாற்றித் தந்துகொண்டிருந்த அந்தப் பொருளையே நேரடியாக மாத்திரையாக்கியதுதான் இன்றைய ஃபெக்ஸோஃபெனடின்.

இன்று மோதல் வருமானால் அது இருமல் சிரப் பக்கமிருந்து வரும். வறட்டு இருமலுக்கான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மனச்சோர்வுக்கு எடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்றவற்றோடு சேரும்போது செரட்டோனின் மிகையாகி நடுக்கம், வியர்வை, படபடப்பு வரலாம். மனநல மாத்திரை எடுப்பதைக் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறோம் என்பதுதான் இங்கே சிக்கல். நெஞ்சுச் சளிக்கான சிரப்புகளில் டெர்பியூட்டலினோ லெவோசால்பியூட்டமாலோ இருக்கும். கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, "மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்துபவர்கள் பலர். ஏற்கெனவே ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவருக்கு இதுவும் இரட்டிப்புதான். சிரப்பின் பெயரை நம்பியும் பயனில்லை. பெனட்ரில் என்றால் அமெரிக்காவில் டைஃபென்ஹைட்ரமின்; இங்கே அது இருமல் சிரப்; இங்கிலாந்தில் அதே பெயரில் செட்ரிசினும் விற்கிறது, அக்ரிவாஸ்டினும் விற்கிறது.

வயதானவர்கள் விஷயம் தனி. எழுபது வயது அப்பாவுக்குச் சளி மாத்திரை கொடுத்த ராத்திரி, "ஒண்ணுக்கு வரமாட்டேங்குதுப்பா" என்று அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், புராஸ்டேட் வீக்கமும் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். குளோர்ஃபெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். முதியவர்களிடம் இன்னும் மெதுவாகும். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் எடுப்பவருக்கு வற்ற வைக்கும் குணம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும்: மலச்சிக்கல், தடுமாற்றம், இரவில் பிதற்றல். கோணம் குறுகிய கண் அழுத்த நோய் இருந்தால் கண்ணே ஆபத்து. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் செட்ரிசினையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் தயங்க ஒன்றுமே இல்லை. குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்கள் குடித்த காஞ்சிபுரம் மாவட்டத் தயாரிப்பு சிரப்பின் அட்டையில் இருந்ததும் இதே கூட்டணிதான். கொன்றது அந்த மருந்துகள் அல்ல. சிரப்பில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. ஆனால் அந்தச் சிரப் ஒரு சிறு பிள்ளையின் சளிக்கு முதலில் தேவையே இல்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன், மூக்குக்கு உப்புநீர், காய்ச்சல் இருந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால், அவ்வளவுதான்.

வீட்டு வைத்தியத்தையும் மருந்துப் பட்டியலில் சேர்த்தே எண்ண வேண்டும். கற்பூரவள்ளிச் சாறும் மிளகு ரசமும் சாப்பாட்டு அளவில் எந்த மாத்திரையோடும் சண்டை போடுவதாகச் சொல்ல முடியாது. தொண்டைக்கு நாள் முழுக்க அதிமதுரம் மெல்வது வேறு. அதில் உள்ள கிளிசிரைசின் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். கொதிப்பு மாத்திரை போடும் அம்மா மூக்கடைப்பு மாத்திரையோடு அதிமதுரத்தையும் வாயில் அடக்கிக்கொண்டிருந்தால் அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் தேட வேண்டியதில்லை.

சட்டம் என்ன செய்கிறது? கலவை மருந்துகளோடு டெல்லி பல ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறது. 2016இல் 344 கலவைகளுக்குத் தடை, அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் தடை ரத்து, 2018இல் 328க்கு மறுபடி தடை, 2024 ஆகஸ்டில் இன்னும் 156. கடைசிப் பட்டியலில் செட்ரிசின், பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின் மூன்றும் கலந்ததும் இருந்தது. அதாவது மெடிக்கலில் சர்வசாதாரணமாகக் கிடைத்த சளி மாத்திரை வகை. இன்னொன்றும் நடந்தது. மருந்தின் உண்மைப் பெயரை வியாபாரப் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் மூன்றும் அதற்கு மேலும் மருந்து கலந்தவற்றுக்கு விலக்கு. பெயரைப் படித்தே ஆக வேண்டிய மாத்திரைகள் எவையோ அவற்றிலேயே எழுத்து பொடியாக இருக்கலாம் என்று ஆகிவிட்டது. உற்பத்தியாளர்களுக்கு இட நெருக்கடி இருப்பது புரிகிறது. எனக்குக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை.

அக்காவுக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன்: அடுத்த முறை வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் பெயர் இருக்கும் துண்டாகப் பார்த்து வாங்கி வாருங்கள், இரண்டு மாத்திரையிலும் ஒரே பெயர் வருகிறதா, 'மின்' என்றோ 'சின்' என்றோ முடியும் அலர்ஜி மருந்து இரண்டிலும் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். மறுநாளே போனார். "தம்பி, பேர் போட்ட பக்கமா வெட்டிக் குடுங்க."

கத்தரி அட்டையின் மேல் அப்படியே நின்றது. "அப்ப மிச்சத்தை யாருக்குக்கா விக்கிறது?" என்றாராம் கடைக்காரத் தம்பி.